உபின் தீவில் ஒரு சனிக்கிழமை: காலையில் இருவாச்சி, மாலையில் சேறு

வியாழன் இரவு

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்கு நாள் குறிக்கும்போது நண்பர்கள் குழுவில் முதலில் கேட்கப்படுவது "யாருக்கு எந்த நாள் லீவு?" என்பதுதான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அலை அட்டவணை, அதாவது கடல் எப்போது ஏறும், எப்போது வடியும் என்ற பட்டியல். தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவாவில், கடல் வடிந்தால் ஒரு காட்சி, வடியாவிட்டால் மரப்பலகைப் பாதைக்குக் கீழே வெறும் கலங்கல் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு மணி நேர வித்தியாசம்தான். தவறான நேரத்தில் போய்விட்டு "அங்கே ஒன்றுமே இல்லை" என்று சொல்பவர்கள் நிறைய.

கணக்கு இப்படி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் அதற்கு ஓரிரு நாள் பின்னும் கடல் மிக அதிகமாக உள்வாங்கும். அட்டவணையில் தாழ்வலை (கடல் வடிந்து நிற்கும் மட்டம்) 0.5 மீட்டர் அல்லது அதற்குக் கீழ் என்று காட்டும் நாளைத் தேடுங்கள். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் தாழ்வலை ஒரு மீட்டருக்கு மேலேயே நின்றுவிடும். அந்த நாளில் போனால் காட்டைப் பார்க்கலாம், சேற்றைப் பார்க்க முடியாது. வீட்டில் நாள்காட்டி தொங்கினால் பாதி வேலை முடிந்தது. நேரத்தை மட்டும் அட்டவணையில் பார்த்தால் போதும். தாழ்வலை நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். சனிக்கு எடுத்து வைத்த நேரம் ஞாயிற்றுக்குப் பொருந்தாது.

இன்னொரு சிக்கல் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. சிங்கப்பூர்க் கடலில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மிகத் தாழ்ந்த அலைகள் விடியலுக்கு முன் வருகின்றன. செக் ஜாவாவின் வாயிற்கதவு திறப்பதோ காலை 8.30-க்கு, மூடுவது மாலை 6-க்கு. ஆக, ஆண்டின் நடுப்பகுதியில் தாழ்வலை வந்து போய்விடும், கதவு பூட்டியே இருக்கும். அக்டோபர் கடைசி முதல் பிப்ரவரி வரை அது பிற்பகலுக்கும் மாலைக்கும் நகர்கிறது. உபினுக்கு அதுவே நல்ல காலம். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. எங்கள் சனிக்கிழமைக்கு அட்டவணை சொல்வது மாலை 4.40, 0.4 மீட்டர். இதைவிடப் பொருத்தமாகக் கேட்க முடியாது. தாழ்வலைக்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். தண்ணீர் வடிய வடியத்தான் உயிரினங்கள் வேலையைத் தொடங்கும்.

கிளம்புவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மரப்பாதையின் ஏதாவது ஒரு பகுதி பராமரிப்புக்காக மூடப்பட்டிருப்பது உண்டு.

வெள்ளி மாலை

பை கட்டுவது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், குறைந்தபட்சம். தீவுக்குப் பெருநிலத்துக் குழாய்த் தண்ணீர் கிடையாது. படகுத்துறைக்கு அருகிலுள்ள கடைகளில் பானமும் இளநீரும் கிடைக்கும், ஆனால் செக் ஜாவாவில் கடை எதுவும் இல்லை. நடுவழியில் தண்ணீர் தீர்ந்தால் திரும்பி மூன்று கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் மிதிக்க வேண்டும்.

பையைப் பற்றி ஒரு விதி: ஜிப் உள்ள முதுகுப்பை மட்டும். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், அதில் துண்டு மட்டுமே இருந்தாலும் வேண்டாம். உபின் குரங்குகளுக்கும் காட்டுப்பன்றிகளுக்கும் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு. அந்தச் சலசலப்பு கேட்டாலே போதும், வந்துவிடும். ஆண்டுக்கணக்கில் வருகையாளர்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. சைவ நண்பர்களுக்குத் தீவில் தேர்வு குறைவு. சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்திலேயே வாங்கி, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

முழுக்கால் சட்டை, முழுக்கை. வெயிலுக்கென்று அரைக்கால் சட்டையோடு வருபவரை மணல் ஈக்கள் அடையாளம் கண்டுகொள்ளும். கொசு மருந்து, மழைக்கோட்டு, சில்லறையாக ரொக்கம். 8 மடங்கு இருநோக்கி (பைனாகுலர்) ஒன்று குழுவுக்கு இருந்தால் போதும். கைப்பேசியை நம்பி வருபவர்கள் இருவாச்சிப் பறவையைக் கறுப்புப் புள்ளியாகத்தான் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

கடவுச்சீட்டு தேவையா என்று குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். தேவையில்லை. மலேசியாவின் ஜோகூர் கண்ணுக்கெதிரே தெரிந்தாலும் உபின் சிங்கப்பூர்தான்.

சனி, காலை

தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 2-ஆம் எண் பேருந்து, தெம்பனீஸிலிருந்து 29. இரண்டுமே சாங்கி வில்லேஜில் முடியும். ராமர் கோயிலும் உணவங்காடி நிலையமும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக்கு நிற்கும் வரிசையைப் பார்த்துத் திகைத்து நிற்காமல், கையில் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் படகுத்துறைக்கு நடப்பது நல்லது.

படகுக்கு நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சொந்த சைக்கிள் கொண்டுவந்தால் அதற்குத் தனியே 2 வெள்ளி. நீங்கள் ஆறு பேர் என்றால் இன்னும் ஆறு பேருக்குக் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லை என்றால் மீதி இடங்களுக்கும் பணம் கொடுத்து, மொத்தம் 48 வெள்ளிக்கு உடனே கிளம்பலாம். சனி, ஞாயிறு காலைகளில் ஆள் சேர்வதற்கு நேரமே ஆகாது, வீண்செலவு. வாரநாள் பிற்பகலில்தான் பெஞ்சில் உட்கார்ந்து டீசல் வாடையைச் சுவாசிக்க வேண்டியிருக்கும். பயணம் பத்து நிமிடம்.

இறங்கியதும் எல்லோரும் சைக்கிள் கடைக்கு ஓடுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். காலை எட்டு மணிக்கு இருவாச்சியைப் பார்க்க நல்ல இடமே இந்தச் சிறிய கிராமத்தைச் சுற்றியுள்ள உயர்ந்த மரங்கள்தான். முதலில் காதுக்குத்தான் கிடைக்கும்: கரகரத்த குரலில் யாரோ விடாமல் சிரிப்பது மாதிரி ஒரு கத்தல். அதன்பின் இறக்கை அடிக்கும் ஓசை, காற்றைக் கிழித்துக்கொண்டு வரும். பழுத்த அத்தி இருக்கும் மரம் எதுவோ அதன் கீழே பத்து நிமிடம் பேசாமல் நின்றால் போதும்.

ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய அலகின் மேலிருக்கும் கொம்பைப் பாருங்கள். ஆணுக்கு அது பெரிது, முன்பக்கம் மட்டும் தெளிவான கறுப்புத் திட்டு. பெண்ணுக்குச் சிறிது, அலகில் அழுக்குப் படிந்தது போலப் பழுப்பும் கறுப்பும் கலந்த திட்டுகள். சோடியாகத்தான் பெரும்பாலும் வரும். ஒன்றைப் பார்த்தால் அடுத்த மரத்தில் இன்னொன்றைத் தேடுங்கள்.

இந்தப் பறவை சிங்கப்பூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இல்லாமல் போய்விட்டது. 1994-இல் உபினில் ஒரு சோடி கண்ணில் பட்டது. வந்த பறவை தங்கிப் பெருகுவதற்குத் தடையாக இருந்தது சாப்பாடு இல்லை, வீடு. இருவாச்சிக்குத் தானாக மரம் குடையத் தெரியாது. ஏற்கெனவே பொந்து விழுந்த முதிர்ந்த பெருமரம் வேண்டும். பெண் அந்தப் பொந்துக்குள் நுழைந்து, எச்சத்தாலும் உணவு மிச்சத்தாலும் வாயிலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று இடைவெளி மட்டும் மிஞ்சும். குஞ்சுகள் பறக்கும் பருவம் வரும்வரை ஆண்தான் அந்தக் கீற்றின் வழியே பழமும் பூச்சியும் பல்லியும் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். காடு வெட்டப்பட்டுப் பின் வளர்ந்த தீவில் அப்படிப்பட்ட மரத்துக்கு எங்கே போவது? 2004-இல் தொடங்கிய இருவாச்சித் திட்டம் செயற்கைக் கூடுபெட்டிகளை மரங்களில் பொருத்தியது. பறவைகள் ஏற்றுக்கொண்டன. இன்று சாங்கியில் பேருந்துக்காக நிற்கும்போதுகூட ஒன்றைப் பார்த்துவிட முடிகிறது. தீவில் கூடுபெட்டி கண்ணில் பட்டால் அதன் கீழே கூட்டம் போடாதீர்கள். ஆண் பறவை உங்களைப் பார்த்துவிட்டுத் தயங்கிச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இருப்பவைக்குப் பட்டினி.

காலையில் இன்னொரு குரலையும் கேட்க வேண்டும். வைக்கோல் நிறத் தலைச் சின்னான், குமிழியிட்டுப் பெருகுவது போலப் பாடும். அந்தப் பாட்டே அதற்கு எமனாயிற்று: கூண்டுப் பறவை வணிகத்துக்காகப் பிடித்துப் பிடித்து, தென்கிழக்காசியாவின் பல பகுதிகளில் துடைத்தழித்துவிட்டார்கள். உலக அளவில் மிக அருகிவிட்ட பறவை, உபினில் சாதாரணமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. புதரோரம் மேயும் சேவலையும் ஊர்க்கோழி என்று தாண்டிப் போகாதீர்கள். காதருகே வெள்ளைத் திட்டும் சாம்பல் நிறக் காலும் இருந்தால் அது காட்டுக்கோழி.

சனி, நண்பகல்

சைக்கிள் எடுப்பது. பணம் கொடுக்கும் முன் ஐந்து சோதனைகள். முன், பின் பிரேக்குகளைத் தனித்தனியே அழுத்தி வண்டியைத் தள்ளிப் பாருங்கள், சக்கரம் உருளக் கூடாது. டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். இருக்கையில் உட்கார்ந்து மிதியைக் கீழே இறக்கினால் முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். வாடகை வண்டிகளில் பெரும்பாலும் இருக்கை தாழ்வாகவே இருக்கும், அப்படியே ஓட்டினால் முதல் மேட்டிலேயே தொடை வலிக்கும். கியரை மேலும் கீழும் மாற்றி நூறு மீட்டர் ஓட்டுங்கள். கடைசியாக, கடையின் தொலைபேசி எண்ணையும் திருப்பித் தர வேண்டிய நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாலைத் தாழ்வலைக்குப் போகிறவர்களுக்குக் கடைசிக் கேள்வி முக்கியம். செக் ஜாவா மூடும் நேரமும் கடை மூடும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கலாம்.

முன்கூடை உள்ள வண்டி வசதியாகத் தெரியும். அதில் பையை வைக்காதீர்கள். குரங்குக்குத் திறந்த தட்டு அது.

குழுவில் சைக்கிள் ஓட்டத் தெரியாதவர் ஒருவராவது இருப்பார். அவரை இன்னொருவர் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையை அங்கேயே நிறுத்துங்கள். படகுத்துறையில் வாடகை வேன்கள் நிற்கின்றன. நடப்பதென்றால் செக் ஜாவாவுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

உச்சி வெயிலில் விலங்குகளும் ஒதுங்கிவிடும். பெக்கான் கல் குவாரி படகுத்துறையிலிருந்து பக்கம்தான். பாறை வெட்டிய பள்ளத்தில் மழைநீர் நிறைந்து ஏரியாகிவிட்டது, சாம்பல் நாரைகளைப் பார்க்கலாம். தீவு முழுக்கக் கருங்கல்தான். 1851-இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கான கல்லும் இங்கிருந்துதான் போனது. வேலிக்கு வெளியே நின்றே பாருங்கள், குழியின் ஓரம் செங்குத்து.

பிறகு சாப்பாடு, நிழல், மூன்று மணி வரை ஓய்வு.

சனி, பிற்பகல்

கிழக்கே போகும் பாதை முதலில் சமம், பிறகு மேடு பள்ளம், செக் ஜாவாவை நெருங்கும்போது செங்குத்தான இறக்கங்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லும் பலகைகள் உண்டு. அலங்காரத்துக்கு வைத்தவை இல்லை. அந்தச் சரிவுகளில் உயிர்போன விபத்துகள் நடந்திருக்கின்றன. நடப்பது என்ன என்றால், சரளைக்கல் மேல் வேகமாக இறங்கும்போது பயந்து முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடிப்பார்கள். சக்கரம் வழுக்கும், ஆள் தலைகுப்புற விழுவார். பின் பிரேக்கை முதலில், விட்டுவிட்டுப் பிடியுங்கள். குழுவாகப் போகும்போது வண்டிக்கு வண்டி பத்து மீட்டர் இடைவெளி விட்டு ஒற்றை வரிசை. பந்தயம் வேண்டாம்.

சைக்கிள்களை வாயிலுக்கு வெளியே நிறுத்த வேண்டும். காட்டுப்பன்றிகளை மிக அருகில் பார்க்கக்கூடிய இடம் இந்த நிறுத்துமிடம்தான். குட்டிகள் உடம்பில் நெடுக்குக் கோடுகளோடு தர்பூசணிப் பிஞ்சு மாதிரி இருக்கும், பார்த்தவுடன் குனிந்து கூப்பிடத் தோன்றும். கூடாது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போய் நிற்பதுதான் இந்தத் தீவில் செய்யக்கூடிய பெரிய முட்டாள்தனம். முதுகைக் காட்டி ஓடாமல், அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். வழிவிட்டால் போய்விடும். நீள்வால் குரங்குகளிடம் கண்ணோடு கண் பார்க்கவோ பல் தெரியச் சிரிக்கவோ வேண்டாம், அவற்றின் மொழியில் இரண்டும் சண்டைக்கு அழைப்பு. உணவு கொடுப்பது 2020 முதல் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு 5,000 வெள்ளி வரை, மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம்.

மணி 3.30. தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது.

செக் ஜாவாவில் மரப்பாதை இரண்டு வளையங்கள். கடலோர வளையம் 600 மீட்டர், அலையாத்திக் காட்டு வளையம் 500 மீட்டர். முதலில் காட்டு வளையத்துக்குப் போங்கள். தண்ணீர் முதலில் வடிவது கரைப்பக்கம், கடலோர மணல் திட்டு தெரிய இன்னும் நேரம் பிடிக்கும். வேர்களுக்கிடையே மனித இடுப்புயரத்துக்குக் கூம்பு கூம்பாக நிற்கும் மண்மேடுகள் சேற்று இறால் கிளறிப் போட்டவை. மண்ணை விழுங்கி அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு வாழும் அது வெளியே வருவது அரிது, மேட்டைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டியதுதான். பக்கத்தில் தண்டு தெரியாமல் சேற்றிலிருந்து நேராக எழும் ஓலை, நிப்பா பனை. ஐஸ் கச்சாங் என்ற துருவிய பனிக்கட்டி இனிப்பில் போடும் அத்தாப்பு சீ இதன் காய்தான்.

நீர் தேங்கிய குட்டைகளின் விளிம்பில் சேற்றுத்தாவி மீன்கள். பெரிய இனம் ஒரு சாணுக்கு மேல் நீளம். தன் குட்டையைச் சுற்றிச் சேற்றுச்சுவர் எழுப்பி, எல்லை தாண்டும் மீனை வாயைப் பிளந்து மிரட்டும். ஒன்றையே பார்த்துக்கொண்டிருங்கள்: சிறிது நேரத்துக்கொரு தடவை ஒரு கண்ணை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி வெளியே விடும். கண்குழியில் இருக்கும் ஈரத்தில் கண்ணை நனைத்துக்கொள்கிறது. உடம்பின் தோல் வழியாகவும் மூச்சு விடுவதால் அடிக்கடி புரண்டு தன்னை ஈரமாக்கிக்கொள்ளும்.

நான்கரைக்குக் கடலோர வளையம். மணல் திட்டில் விரல்கடை அளவுத் துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஒரு நண்டும் இருக்காது. பத்து பேர் பலகை அதிர நடந்து வந்தால் அப்படித்தான். குழுவை இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுங்கள். நிழல் மணலில் விழாத பக்கம் நின்று, ஐந்து நிமிடம் அசையாதீர்கள். முதலில் ஒரு துளையில் இரண்டு காம்புக்கண்கள் எட்டிப்பார்க்கும். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும். ஃபிட்லர் நண்டுகள். ஆணுக்கு ஒரு கொடுக்கு உடம்பளவு பெரிது, மற்றது சிறுத்தது. பெரியதைத் தூக்கித் தூக்கி அசைப்பது பெண்ணை அழைக்கவும் பக்கத்துத் துளைக்காரனை எச்சரிக்கவும். அந்தப் பெரிய கொடுக்கால் சாப்பிட முடியாது. சிறிய கொடுக்கால் மட்டுமே மண்ணை அள்ளி அள்ளி வாய்க்குக் கொண்டுபோகும். பெண்ணுக்கு இரண்டுமே சிறியவை, இரண்டாலும் மாற்றி மாற்றி அள்ளும். ஒரே நேரத்தில் ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால், அந்த ஆடம்பரக் கொடுக்குக்கு ஆண் கொடுக்கும் விலை புரியும்.

தண்ணீர் இன்னும் வடிந்தால் கடற்புல் திடல் பச்சையாக வெளிப்படும். குழிகளில் மிதியடி போல விரிந்து கிடக்கும் கம்பளச் சாமந்திகள் என்ற கடல் உயிரினங்களையும் நட்சத்திர மீன்களையும் இருநோக்கியில் தேடுங்கள். மணலில் இறங்க அனுமதியில்லை, வழிகாட்டியோடு போகும் முன்பதிவு நடைக்கு மட்டும்தான் விதிவிலக்கு. இந்தத் திடலே இன்று இருந்திருக்க வேண்டியதில்லை. கடலை நிரப்பி நிலமாக்கும் திட்டம் தயாராக இருந்தது. ஆர்வலர்கள் தாழ்வலை தாழ்வலையாக வந்து இருப்பதையெல்லாம் பதிவு செய்தார்கள், மக்களும் குரல் கொடுத்தார்கள். 2001 கடைசியில் அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. மரப்பாதை திறந்தது 2007-இல். அதற்குச் சில மாதம் முன்புதான் ஜோகூரில் பெய்த பெருமழையின் நன்னீர் ஆற்றுவழியே வந்து கொட்டி, உப்பு குறைந்து, சாமந்திகளும் கடல் வெள்ளரிகளும் கூட்டங்கூட்டமாகச் செத்தன. பிறகு மெல்ல மீண்டது. பெருமழைக்குப் பின் போகிறவர்கள் கொஞ்சம் வெறுமையாகத் தெரிந்தால் ஏமாற வேண்டாம்.

இடி கேட்டால் மரப்பாதையிலும் ஜெஜாவி கோபுரத்திலும் நிற்காதீர்கள். 20 மீட்டர் உயரக் கோபுரம், சுற்றிலும் அதைவிட உயரமாக எதுவும் இல்லை. வாயிலருகே 1930-களில் ஆங்கில பாணியில் கட்டிய பழைய வீடு இருக்கிறது, அங்கே ஒதுங்குங்கள். இந்த வெக்கையில் கணப்பு அடுப்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள், மழை நிற்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

5.20-க்குத் திரும்பத் தொடங்கினால் ஆறு மணிக்குள் வண்டியை ஒப்படைத்துவிடலாம். இருட்டும் முன் படகுத்துறையில் இருங்கள். அதன்பின் பன்னிரண்டு பேர் சேர்வது சந்தேகம், படகையே மொத்தமாக அமர்த்த வேண்டிவரும்.

ஞாயிறு

மணல் ஈக் கடி நேற்றுத் தெரியாது, இன்றுதான் தடிக்கும். சொறிந்தால் புண்ணாகிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, கலமைன் லோஷன் தடவி விட்டுவிடுங்கள். ஓரிரு நாளில் அடங்காமல் வீக்கம் பரவினால் மருத்துவரைப் பாருங்கள்.

படங்களைப் பகிரும்போது இருவாச்சிக் கூடு இருக்கும் மரத்தின் இடக்குறியை நீக்கிவிடுங்கள். சின்னான் படத்துக்கு இது இன்னும் முக்கியம், பறவை பிடிப்பவர்களும் இணையம் பார்க்கிறார்கள். சருகுமான் பார்த்ததாக யாராவது நம்பினால் எடுத்த படத்தை எத்தனை மங்கலாக இருந்தாலும் அழிக்க வேண்டாம். பெரிய சருகுமான் சிங்கப்பூரில் இல்லையென்றே நினைத்திருந்தபோது 2008-09 வாக்கில் உபினில்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். நேரமும் இடமும் குறித்து தேசியப் பூங்காக் கழகத்துக்கு அனுப்பினால் அவர்களுக்கு அது பயன்படும்.